மூலமும் படியும்: பழஞ்சிற்ப வார்ப்புகளும் மாணவர் அமைக்கும் கணினிக் காட்சியகமும்

நகல் என்னும் சொல்லுக்கு நம்மிடையே மதிப்புக் குறைவு. அலுவலகத்தில் சான்றிதழின் நகலை நீட்டினால் "மூலம் எங்கே?" என்று கேட்பர். தேர்வறையிலோ நகலெடுத்தல் தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் தமிழ் பயிலும் நாம் நகல்களாலேயே வாழ்கிறோம் என்பதை மறத்தலாகாது. சங்கப் புலவர் ஒருவரேனும் தம் கையால் எழுதிய ஏடு நமக்குக் கிடைத்திலது. ஏட்டைப் பார்த்து ஏடெழுதிய பல தலைமுறையினரின் உழைப்பே இன்று நூலாக நம் கையில் இருக்கிறது. நம் மொழியில் 'படி' என்பது நகலுக்குப் பெயர். கற்றலுக்கு ஏவல் வினை. (இவ்விரண்டும் ஒரே வேரினவா என்னும் ஆராய்ச்சியில் ஈண்டுப் புகவில்லை. அது மொழியியலாரின் எல்லை.)

கல்லிலும் வெண்கலத்திலும் வடிக்கப்பட்ட பழஞ்சிற்பங்களின் வரலாறும் இத்தகையதே. பண்டைக் கிரேக்கரின் வெண்கலச் சிற்பங்களுள் மிகப் பெரும்பான்மையானவை பிற்காலத்தில் உருக்கப்பட்டு அழிந்தன. உரோமானியர் பளிங்கில் செய்துகொண்ட படிகள் வாயிலாகவே அவற்றுட் பலவற்றை உலகம் அறிகிறது. அப்பளிங்குப் படிகளினின்று ஐரோப்பியர் சாந்தில் வார்த்தெடுத்த படிகள் வேறு. அச்சாந்து வார்ப்புகளைப் படம்பிடித்து முப்பரிமாண உருவாக்கிக் கணினித் திரையில் காட்சியகம் அமைத்தல் மேலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மாணவர் பணியாக வளர்ந்துள்ளது. படியின் படியின் படி என்று இதனை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கலாகாது என்பதும், இப்பணியின் உயிர்நிலை படக்கருவியில் அன்று, படியின் வழிமரபை மறையாது எழுதும் நேர்மையில் உள்ளது என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து.

வார்ப்பு என்பது யாது?

ஜிப்சம் என்னும் கனிமத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வாட்டினால் அதனுள் பிணைந்துள்ள நீரில் பெரும்பகுதி நீங்கும். எஞ்சும் வெண்பொடியே பாரிஸ் சாந்து. நீர் கலந்தவுடன் அது குழம்பாகிச் சில நிமிடங்களில் இறுகும். இறுகும்போது சற்றே விரியும் இயல்பும் அதற்கு உண்டு. அதனால் அச்சின் நுண்ணிய கீறலுக்குள்ளும் புகுந்து நிரம்பும். சிற்பத்தின் மேனிமீது முதலில் அச்சு எடுப்பர். மடிப்பும் குழிவும் நிறைந்த சிற்பத்திலிருந்து ஒரே அச்சாக எடுத்தால் கழற்ற இயலாது. ஆகவே பல துண்டுகளாக எடுத்து, துண்டுகளைப் பொருத்தி உள்ளே சாந்தை வார்ப்பர். துண்டுகள் கூடும் இடங்களில் வார்ப்பின்மீது மெல்லிய கோடுகள் விழும். வார்ப்பைக் கண்டறிய இக்கோடுகளே முதல் அடையாளம்.

நம் கல்வெட்டாய்வாளர் எடுக்கும் மைப்படியை இங்கு நினைவுகூர்தல் தகும். நனைத்த தாளைக் கல்லின்மீது ஒற்றித் தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளங்களில் பதியச் செய்து, மேலே மை ஒற்றி எடுப்பது மைப்படி. கண்ணால் கண்டு கையால் வரைந்த படியில் வரைந்தவனின் எண்ணமும் கலந்துவிடும். மைப்படியும் வார்ப்பும் அவ்வாறல்ல. பொருளின் மேனியைத் தொட்டே எடுக்கப்படுவன. எனவேதான் அவை சான்று என்னும் தகுதி பெறுகின்றன.

வாழ்வும் வீழ்வும்

19ஆம் நூற்றாண்டு வார்ப்புகளின் பொற்காலம் எனலாம். பெர்லினில் 1819இல் அரசுச் சாந்துவார்ப்புக் கூடம் தோன்றியது. 1867இல் பாரிஸ் பொருட்காட்சியின்போது இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி கோல் ஓர் உடன்படிக்கையை உருவாக்கினார். கலைப்பொருள்களின் படிகளை நாடுகள் தம்முள் பரிமாறிக்கொள்ளுதல் அதன் நோக்கம்; ஐரோப்பிய அரசகுடும்பத்தார் 15 பேர் ஒப்பமிட்டனர். அவ்வருங்காட்சியகத்தின் வார்ப்புக் கூடங்கள் 1873இல் திறக்கப்பட்டன. உரோமின் டிராஜன் தூண் முழுவதும் வார்க்கப்பட்டு, கூரைக்குள் அடங்காமையால் இரு துண்டுகளாக அங்கு நிற்கிறது. கேம்பிரிட்ஜில் 1884இலும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹென்றி சேஜ் என்பாரின் கொடையால் 1894இலும் வார்ப்புக் காட்சியகங்கள் எழுந்தன. ஏதென்சுக்கும் உரோமுக்கும் செல்லப் பொருளற்ற மாணவன் தன் ஊரிலேயே அச்சிற்பங்களின்முன் நிற்கலாயினான்.

இந்தியாவும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. சாஞ்சித் தூபியின் கிழக்கு வாயிலை, மேற்கூறிய ஹென்றி கோலின் மகனான லெப்டினன்ட் ஹென்றி ஹார்டி கோல் 1869 அளவில் வார்ப்பெடுத்தார். அதன் படிகள் இலண்டனுக்கும் பிற ஐரோப்பிய நகரங்களுக்கும் சென்றன.

பிறகு காற்று மாறியது. 'மூலமே கலை, சாந்து வெறும் பொம்மை' என்னும் எண்ணம் ஓங்கியது. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வார்ப்புகளைக் காட்டலாமா கூடாதா என்னும் பூசல் முற்றி, இயக்குநர் எட்வர்ட் ராபின்சன் 1905இல் பதவி விலகினார். இலண்டனில் இருந்த சாஞ்சி வாயில் வார்ப்பு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகற்றப்பட்டு அழிந்தது. பாரிஸ் கவின்கலைப் பள்ளியில் 1968 மே மாதக் கிளர்ச்சியின்போது வார்ப்புகள் சேதமுற்றன. பழைய கலைக்கொள்கையின் சின்னமாக மாணவர் அவற்றைக் கண்டனர் போலும். எஞ்சியவை பின்னர் வெர்சேல்ஸ் குதிரைலாயக் கட்டடத்துக்கு அனுப்பப்பட்டன. கார்னெலிலும் வார்ப்புகள் நடைக்கூடங்களிலும் கிடங்குகளிலும் சிதறின. அவற்றைத் தேடித் திரட்டித் தூசுதட்டிப் படம்பிடித்துப் பட்டியலிடும் பணியும், 2014இல் அவற்றைக் கொண்டே நடந்த கண்காட்சியும் அப்பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட மீட்பாகும். ஒரு தலைமுறை மாணவர் உடைத்ததும், மற்றொரு தலைமுறையினர் ஒட்டுவதும் கல்வியுலகில் புதுமையன்று.

இகழப்பட்ட படி எவ்வாறு மீண்டும் மதிப்புப் பெற்றது? மூலம் தேய்ந்தமையால் என்பதே விடை. ஏதென்சு பார்த்தினன் கோயிலின் மேற்குப் பக்கப் பட்டைச் சிற்பங்களுள் பெரும்பாலானவற்றை எல்கின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்தெடுக்கவில்லை. 1802இல் அச்சு மட்டும் எடுத்தனர். மூலம் 1993இல் கீழிறக்கப்படும் வரை வெயிலிலும் மழையிலும் நகரப்புகையிலும் நின்று தேய்ந்தது. இன்று சில நுட்பங்கள் சாந்தில் உள்ளன, கல்லில் இல. எமா பெய்ன் என்னும் ஆய்வாளர் முப்பரிமாண வருடலால் வார்ப்பையும் மூலத்தையும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிசெய்தது. வார்ப்போர் சிற்சில இடங்களில் தம் கைச்சரக்கைச் சேர்த்தமையையும் அவ்வாய்வு காட்டியது. ஏடெழுதுவோர் செய்ததும் இதுவேயன்றோ!

ஒரு கையின் கதை

மேற்கூறியவற்றை ஒரே சிற்பத்தில் வைத்து விளக்கலாம். 1506 சனவரியில் உரோம் நகரின் எஸ்குவிலின் குன்றில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பளிங்குச் சிற்பம் வெளிப்பட்டது. டிராய் நகரத்துப் பூசாரி லாவோகூனும் அவன் மைந்தர் இருவரும் பாம்புகளால் பிணிப்புண்டு துடிக்கும் காட்சி. மரக்குதிரையை நகருக்குள் விடாதீர் என்று எச்சரித்தவன் அவன். செய்தி கேட்டு ஓடிச்சென்று கண்டோருள் மைக்கேலாஞ்சலோவும் ஒருவர். உரோமானிய ஆசிரியர் பிளினி தம் நூலில் புகழ்ந்துரைத்த சிற்பம் இதுவே என்று உடனே இனங்கண்டனர். ரோட்சுத் தீவினரான சிற்பியர் மூவரின் பெயர்களையும் பிளினி குறித்துள்ளார்.

ஆனால் லாவோகூனின் வலக்கை இல்லை. அது எவ்வாறு இருந்திருக்கும்? மொந்தோர்சோலி என்னும் சிற்பி 1532 அளவில் வானோக்கி நீட்டிய கையொன்றைச் செய்து சேர்த்தார். பின்வந்த நூற்றாண்டுகளிலும் நீட்டிய கையே நிலைத்தது. ஐரோப்பிய அரண்மனைகளுக்கும் கலைப்பள்ளிகளுக்கும் சென்ற வார்ப்புகள் பல அக்கையுடனேயே சென்றன. மாணவர் அதைப் பார்த்து வரைந்தனர். திறனாய்வாளர் அதன் வீரத்தைப் புகழ்ந்தனர்.

1906இல் லுத்விக் பொல்லாக் என்னும் தொல்லியலறிஞர், உரோமில் ஒரு கல்தச்சரின் பட்டறையில் தாம் கண்ட பளிங்குக் கையொன்றை வத்திக்கானிடம் ஒப்படைத்தார். அது நீட்டிய கையன்று. முழங்கையில் மடங்கித் தலைக்குப் பின்னே சென்ற கை. அதுவே மூலத்தின் கை எனப் பின்னர் தெளியப்பட்டது. 1957 முதல் 1960 வரை நடந்த சீரமைப்பில் பழைய ஒட்டுக்கையை நீக்கி மடங்கிய கையைப் பொருத்தினர். அதனைக் காணப் பொல்லாக் உயிருடன் இல்லை. யூதராகிய அவர் 1943 அக்டோபரில் குடும்பத்துடன் உரோமிலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டார்.

கையொன்று மாறியதும் பொருளே மாறிவிட்டது. நீட்டிய கையில் போராட்டம் தெரிந்தது. மடங்கிய கையில் தோல்வி தெரிகிறது. உரையாசிரியர் கொண்ட பாடத்தை வேறோர் ஏடு மறுக்கும்போது செய்யுளின் பொருளே புரண்டுவிடுவதை நாம் அறிவோம். நீட்டிய கையுடைய வார்ப்பைக் காணும் மாணவர் அதனைப் 'பிழை' என்று விலக்குதல் கூடாது. 'உண்மை' என்று காட்டுதலும் கூடாது. 1957க்கு முந்தைய உலகம் கண்ட லாவோகூன் அது என்று எழுதுவதே முறை.

சிற்பவியலார் இம்முறையை இலக்கிய மூலபாட ஆய்விலிருந்தே பெற்றனர் என்பது தமிழ் மாணவர்க்கு மகிழ்வூட்டும் செய்தி. சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தை மீட்பது போல, உரோமானியப் படிகளை ஒப்பிட்டு இழந்துபோன கிரேக்க மூலத்தை மீட்க 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் முயன்றனர். அவருள் தலையாயவர் அடால்ஃப் ஃபுர்ட்வெங்ளர். டிரெஸ்டன் நகரிலிருந்த ஓர் உடலும் இத்தாலியின் பொலோஞாவிலிருந்த ஒரு தலையும் ஒரே சிற்ப வகைக்குரியன என்றும், அது பீடியாஸ் செய்த 'லெம்னிய அத்தீனா'வின் படி என்றும் அவர் கூறி, 1893இல் தம் பெருநூலில் விரித்துரைத்தார். இரு நாட்டுப் பளிங்குகளை ஒன்றுசேர்க்க யார் இசைவர்? தலையின் வார்ப்பை உடலின் வார்ப்பில் பொருத்திக் காட்ட முடிந்தது. அம்முடிவை ஐயுறும் அறிஞரும் உளர். ஆயினும் மூலத்தில் செய்யலாகாத சோதனைக்குச் சாந்து இடந்தந்தது என்பதில் ஐயமில்லை. கேம்பிரிட்ஜில் 1975இல் கிரேக்கப் பெண்சிலை ஒன்றின் வார்ப்புக்கு வண்ணம் தீட்டி வைத்ததும் இவ்வகைச் சோதனையே. வெள்ளைப் பளிங்கே கிரேக்கர் அழகு என்று நம்பியிருந்தோர் அதனைக் கண்டு திகைத்தனர்.

மாணவர் பணி

இனிக் கணினிப் பணிக்கு வருவோம். ஒரு வார்ப்பைச் சுற்றிவந்து பல கோணங்களில் படங்கள் எடுக்கவேண்டும். அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றையொன்று தழுவியிருத்தல் வேண்டும். மென்பொருள் அப்படங்களில் ஒத்த புள்ளிகளைத் தேடி, முக்கோண அளவை முறையால் முப்பரிமாண உருவைக் கட்டும். போட்டோகிராமெட்ரி என்பது இதன் பெயர். இதில் சாந்து வார்ப்பு தரும் தொல்லை தனி. ஒரே வெண்மையாயிருப்பதால் ஒத்த புள்ளிகளைக் கண்டறிய மென்பொருள் தடுமாறும். நிழல் கூர்மையாக விழாத பரவலான ஒளியும், அடியில் வைக்கும் அடையாள அட்டைகளும், பக்கத்தில் ஓர் அளவுகோலும் இன்றியமையாதவை. தூசும் மஞ்சள் படிந்த கறையும் இங்கு உதவியே செய்கின்றன! இப்பயிற்சியை இந்தியானா பல்கலைக்கழகத்தார் 2016இல் புளோரன்சின் உஃபிசி அருங்காட்சியகத்தோடு உடன்படிக்கை செய்து பெரிய அளவில் தொடங்கினர். அங்குள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்க, உரோமானியச் சிற்பங்களை உருவாக்கும் பணியில் மாணவரும் பயிற்றப்பட்டனர். அவை வார்ப்புகளல்ல, மூலங்கள், முறை ஒன்றே.

படக்கருவி புகாத அக்குளிலும் முதுகுப்புறத்திலும் உருவில் ஓட்டை விழும். மென்பொருளிடம் சொன்னால் நொடியில் அடைத்துவிடும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இதுவே மிகுந்த எச்சரிக்கைக்குரிய இடம். மொந்தோர்சோலி உழைத்துச் சேர்த்த ஒட்டுக்கையை இன்று ஒரு பொத்தான் யாரும் அறியாமல் சேர்க்கிறது. கணினியால் பழம்பொருளைக் காட்சிப்படுத்துவோர்க்கென 2006இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட இலண்டன் சாசனம், எது சான்று, எது ஊகம், எந்த முடிவு எதனால் எடுக்கப்பட்டது என்பவற்றைப் பதிவுசெய்து வெளிப்படுத்தவேண்டும் என்கிறது. அடைத்த ஓட்டைக்கு வேறு நிறம் கொடுத்துவிடுதல் எளிய வழி. அச்சுத்துண்டுகளின் கூட்டுக்கோடுகளை அழகுக்காக அழித்துவிடும் மாணவரும் உளர். அக்கோடுகளை அழித்தால் அது வார்ப்பு என்னும் உண்மையே அழிந்துபோகும்.

காட்சியகத்தை அமைக்க, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக மையமொன்று 2008இல் வெளியிட்ட ஒமேகா என்னும் இலவச மென்பொருளை மாணவர் பலர் கையாளுகின்றனர். ஒவ்வொரு பொருளுக்கும் டப்ளின் கோர் எனப்படும் 15 தலைப்புகளில் விவரம் கேட்கும். (இந்த டப்ளின் அயர்லாந்தின் தலைநகர் அன்று; அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சிற்றூர்.) அத்தலைப்புகளுள் ஒன்று 'படைத்தவர்'. சாந்து வார்ப்புக்குப் படைத்தவர் யார்? மூலச் சிற்பியா, உரோமானியப் படியாளரா, வார்த்த தொழிலாளியா, படமெடுத்த மாணவியா? மற்றொன்று 'காலம்'. எந்தக் காலம்? இவ்விரு கட்டங்களை நிரப்பத் தயங்கி நிற்கும் மாணவனே பாடத்தைப் புரிந்துகொண்டவன்.

வார்ப்பின்மேல் ஒட்டப்பட்ட பொருளும் வரலாறாகும் என்பதற்கு ஒரு சுவையான சான்று. பழஞ்சிற்பம் அன்றாயினும் கூறலாம். மைக்கேலாஞ்சலோவின் 'தாவீது' சிற்பத்தின் வார்ப்பு 1857இல் விக்டோரியா அரசியாருக்குப் பரிசாக வந்தது. ஆடையற்ற அவ்வுருவை அரச மகளிர் காணவருங்கால் மாட்டிவைக்கச் சாந்தில் ஓர் இலை செய்யப்பட்டது. இன்று அவ்விலை தனிப்பேழையில் தனிக் காட்சிப்பொருளாக உள்ளது. மறைக்கச் செய்ததை மறையாமல் வைத்திருக்கின்றனர்.

பெரியோர் வினா

சிலைகளைப் பற்றிய பாடம் நம் கல்லூரிக்கு எதற்கு என்று பெரியவர் ஒருவர் இக்கட்டுரையாளரிடம் அன்புடன் வினவினார். வினா நேர்மையானது. விடை நம் முன்னோரிடமே உள்ளது. பாக்தாதில் தோன்றிய மருத்துவரும் அறிஞருமான அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, 1200ஆம் ஆண்டளவில் எகிப்தில் தங்கி, அந்நாட்டின் பழஞ்சின்னங்களை நேரிற் கண்டு நூலெழுதினார். ஸ்பிங்ஸ் சிலையின் முக உறுப்புகள் அளவு பிசகாது அமைந்த திறத்தை அவர் வியந்தார். முன்னைய அரசர்கள் இத்தகைய எச்சங்களைப் பேணிக்காத்தமையையும், அவை கடந்தகாலத்துக்குச் சாட்சியாகவும் படிப்பினையாகவும் நிற்பதையும் எடுத்துரைத்தார். புதையலாசையால் அவற்றை உடைத்தோரைக் கடிந்தார். வணங்குவது வேறு, அறிவது வேறு என்னும் தெளிவு அவருக்கு இருந்தது.

2015 பிப்ரவரியில் ஈராக்கின் மொசூல் அருங்காட்சியகத்துப் பொருள்கள் சம்மட்டியால் உடைக்கப்படும் காட்சியை உடைத்தவர்களே வெளியிட்டனர். நம் சமயத்தின் பெயரைச் சொல்லிச் செய்யப்பட்ட அச்செயலால் தலைகுனிந்தவர் நம்முள் பலர். அடுத்த மாதமே மேத்யூ வின்சென்ட், சான்ஸ் கோஹெனோர் என்னும் இளம் ஆய்வாளர் இருவர், முன்பு மொசூல் சென்று வந்தோர் எடுத்துவைத்திருந்த படங்களைத் திரட்டி, உடைந்த பொருள்களின் முப்பரிமாண உருக்களைக் கணினியில் கட்டத் தொடங்கினர். பயணியர் விளையாட்டாக எடுத்த படங்கள் சான்றாயின. நிம்ருத் அரண்மனையின் சிறகுடைய காவலுருக்கள் இரண்டு முன்னரே பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றை வருடி மாட்ரிட் நகரத்து ஃபேக்டம் அறக்கட்டளை செய்த முழுஅளவுப் படிகள் 2019இல் மொசூல் பல்கலைக்கழகத்தை அடைந்தன. ஆக்கிரமிப்பில் தன் நூலகத்தை இழந்திருந்த பல்கலைக்கழகம் அது. அங்குப் பயில்வோர் நம் பிள்ளைகளைப் போன்றோரே.

அட்டை எழுதுதல்

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் என்ன வேலை? பொருளருகே வைக்கும் விளக்க அட்டையை எழுதுதல். நூறு சொற்களுக்குள் அடங்கவேண்டும். பள்ளிச் சிறுவனுக்கும் பேராசிரியருக்கும் பயன்படவேண்டும். 'உலகப்புகழ் பெற்ற', 'காண்போர் உள்ளம் கவரும்' முதலிய தொடர்களை வகுப்பில் நானே அடித்துவிடுவேன். அவை எந்தச் சிற்பத்துக்கும் பொருந்துவன, ஆகவே எதற்கும் பொருந்தாதன. நீட்டிய கையுடைய வார்ப்பொன்றுக்கு இவ்வாறு எழுதலாம்:

"லாவோகூனும் மைந்தரும். மூலம்: பளிங்கு, ரோட்சுச் சிற்பியர் மூவர் செய்தது எனப் பிளினி கூறுவார், 1506இல் உரோமில் கிடைத்தது, வத்திக்கானில் உள்ளது. இது அதன் சாந்து வார்ப்பு. வானோக்கிய வலக்கை மூலத்துக்குரியதன்று. 16ஆம் நூற்றாண்டின் சேர்க்கை வழிவந்தது. மூலத்தின் மடங்கிய கை 1906இல் அடையாளம் காணப்பட்டு 1960க்குள் பொருத்தப்பட்டது. தோளிலும் தொடையிலும் காணும் மெல்லிய கோடுகள் அச்சுத் துண்டுகளின் கூட்டுவாய்கள். திரையில் நீல நிறமுள்ள பகுதிகள் படமெடுக்க இயலாமையால் கணினி நிரப்பியவை."

முதலாண்டு மாணவர் படக்கருவியைத் தொடுமுன் இத்தகைய அட்டை மூன்றினை எழுதிக் கொணர்தல் வேண்டும். வீட்டிலுள்ள பழம்பொருளொன்றைப் பற்றியும் எழுதலாம்: பாட்டியின் வெற்றிலைப்பெட்டி, பாட்டனார் கடல்கடந்து கொணர்ந்த கடிகாரம். எது முதலிலிருந்தது, எது பின்னர் மாற்றப்பட்டது, யார் சொல்லித் தெரிந்தது என்று மூன்றையும் பிரித்து எழுதட்டும்.